நிறுவனமே நியமிக்கும் நடுவர்: செல்லாத பிரிவு செயல்படும் விதம்

நிதியாண்டு முடிவதற்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்ற கெடுவோடு ஓசூர், பெங்களூரு நிறுவனங்கள் தரும் ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்களைப் பற்றி அஞ்செட்டி வட்டாரத்திலிருந்து வந்த வாசகர் கடிதங்களில் பல, தகராறு விசாரணை பெங்களூருவில் நடக்கும் என்ற வரியையே அஞ்சுகின்றன. அஞ்செட்டியிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குள்ள தொலைவில் பாதிகூட இல்லாத பெங்களூருவை அஞ்சுவதைவிட, அதற்கு அடுத்த வரியை ஊன்றிப் படிப்பதே முக்கியம்: நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் தனி நடுவர் தகராறை விசாரிப்பார் என்கிறது அது.

நடுவர் விசாரணை என்பது நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் மனமொப்பி ஏற்ற ஒருவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படும் முறை என்றே சொல்லப்படுகிறது. அச்சிட்ட படிவத்தில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாதவர் இடும் கையெழுத்துக்கு ‘மனமொப்புதல்’ என்ற பெயர் பொருந்தாது. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட 12(5) பிரிவு நிறுவனத்தின் ஊழியரும் ஆலோசகரும் நடுவராவதைத் தடுத்தது. வழக்கின் முடிவில் நலனுள்ளவர் தனி நடுவரை நியமிக்கவும் கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நியமனக் கட்டத்திலேயே இரு தரப்பும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்தது.

இத்தனைக்குப் பின்னும் அந்த வரி படிவங்களில் நீடிப்பதற்குக் காரணம், அதை எதிர்க்க ஆகும் செலவே. 40,000 ரூபாய் பில் தொகைக்காக ஒருவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடினால், நிறுவனம் அதே நடுவர் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டி அவரை நடுவரிடமே திருப்பிவிடலாம். நடுநிலையான நடுவர் வேண்டுமெனில் 11-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விசாரணையின் சட்டப்படியான அமர்விடம் பெங்களூரு என்றால் அது கர்நாடக உயர் நீதிமன்றம். அங்கு வென்றாலும், சட்டத்தின் நான்காம் அட்டவணையிலுள்ள மாதிரிக் கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுக்கு 45,000 ரூபாய், தனி நடுவர் என்றால் அதற்கு மேல் 25 விழுக்காடு. பில் தொகையையே விழுங்கும் இந்தச் செலவுக்கு அஞ்சி பலர் எதிர்ப்பதில்லை என்பதால், சட்டத்தில் செல்லாத பிரிவு நடைமுறையில் செல்லுபடியாகிறது. இதுவே மிகவும் கவலைக்குரியது.

அதே 12(5) பிரிவில் நிறுவனத்துக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. தகராறு எழுந்த பிறகு எழுத்துமூலம் வெளிப்படையாகச் சம்மதித்தால் தடை நீங்கிவிடும் என்பதால், ‘நடுவர் நியமனத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால் அனுப்பக் கூடாது.

மாற்று வழி, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. கட்டணமின்றி ஆதார் எண்ணைக் கொண்டு ‘உத்யம்’ என்ற அரசுப் பதிவு பெற்ற குறுந்தொழில் முனைவோர், நிலுவைத் தொகைக்குத் தம் மாநில வசதியாக்க மன்றத்தையே அணுகலாம். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் பிரிவு இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் அத்தீர்ப்பு கூறியதால், கையெழுத்துக்கு முன்பே பதிவுசெய்வது நல்லது. 90 நாளில் முடிவு என்று சட்டம் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்? நியமன வரி மட்டுமே செல்லாது. நடுவர் உடன்பாடு பொதுவாக நிற்கும்.

நிலுவையைக் கேட்கக் காலவரம்பு? பொதுவாக மூன்று ஆண்டுகள்.

படிவத்தில் எதை மாற்றக் கேட்பது? ‘நிர்வாக இயக்குநர் நியமிக்கும்’ என்பதை ‘இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும்’ என்று.