மருத்துவச் சாயத்தின் வாழ்நாள்

சாயம் துணிக்கு நிறமூட்டவே பயன்படும் என்று கருதுவோர் பலர். மனித உடலின் உட்புறத்தைக் காட்டும் சாயங்களும் உள. அவற்றை ஊசியின் வழியே குருதியிற் செலுத்துவர். செருமானிய வேதியியல் அறிஞர் அடால்ப் வான் பேயர் 1871 ஆம் ஆண்டில் ஆக்கிய புளோரசீன் அவற்றுள் ஒன்று. கையிலுள்ள சிரையிற் செலுத்திய சில நொடிகளில் அது விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களை அடையும். நீல ஒளி படின் பசுமையாய் ஒளிரும்.

மற்றொன்று இண்டோசயனின் பச்சை. இதற்கு 1959 இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. கல்லீரலின் செயலையும், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவையும் இதனால் அறியலாம். ஆயினும் இது கரைசலாக வருவதில்லை. குப்பியில் உலர்ந்த தூளாகவே வருகின்றது. காரணம் யாது? நீரிற் கரைந்ததும் இதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும்; ஒளி பட்டாற் சிதையும். குருதியை அடைந்துவிட்டாலோ, அங்குள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு நிலைபெறும். ஆதலின், கிருமி நீக்கிய தூய நீரிற் கரைத்து, 6 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது விதி. உப்புநீரிற் கரைத்தல் ஆகாது.

புளோரசீன் அத்தகையதன்று. தொழிற்சாலையில் அடைத்த குப்பியில் அது கரைசலாகவே நெடுநாள் கெடாதிருக்கும். அங்ஙனமாயின், பல ஊசிக்குழல்களில் அதனை நிரப்பி வைத்து மறுநாளும் செலுத்தலாம் அன்றோ? இங்கேதான் ஏமாற இடமுண்டு. சாயம் கெடாமை வேறு. கிருமி புகாமை வேறு. சாதாரண ஊசிக்குழல் மருந்தை அளந்து செலுத்தும் கருவியே. சேமித்து வைக்கும் கலம் அன்று. அதன் உந்துதண்டை முன்னே தள்ளுகையில், விரல் பட்ட பகுதி குழலின் உட்சுவரைத் தீண்டும். மீண்டும் பின்னிழுக்குங்கால், மருந்து அச்சுவரை நனைக்கும். கிருமி புக இதுவே போதும்.

ஏற்ற சூழலிற் சில பாக்டீரியங்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். அவ்விரைவில் ஒன்று 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும். சாயக் கரைசல் அவற்றிற்கு அத்துணை நல்ல உணவன்று என்பது உண்மையே. எனினும், வாய்வழி உட்கொள்ளும் மருந்தைப் போன்றதன்று இது. தோலும் இரைப்பையும் தடுக்க வாய்ப்பின்றி, கிருமி நேரே குருதியிற் கலந்துவிடும். தெளிந்த மருந்தாயின் கலங்கல் கண்ணுக்குத் தெரியக்கூடும். சாயத்தின் அடர்நிறமோ அதனையும் மறைத்துவிடும்.

இதனாலேயே, நிரப்பிய குழலின்மேல் சாயத்தின் பெயரையும் கரைத்த நேரத்தையும் எழுதிய சீட்டு ஒட்டப்படுகின்றது. நேரம் எழுதாத குழலில் உள்ளது எத்துணை விலையுயர்ந்த சாயமாயினும், அதனைக் கொட்டிவிடுதலே முறை.