வாரத்துக்கு இரண்டு மணி நேர அப்பா

மணமுறிவு வழக்கில் பிள்ளை அம்மாவிடம் இருந்தால், அப்பாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கிழமையும் சில மணி நேரமும்தான். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று உத்தரவாகலாம். திருப்பாலைவனத்தை ஒட்டிய பழவேற்காட்டுக் குப்பங்களில் அந்த நேரத்தில் ஓர் அப்பாவின் வலை ஏரியில் கிடக்கும்.

இங்கே இறால் பிடிப்பு ‘பாடு’ முறையில் நடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தன் முறையை விட்டால் அன்றைய வருமானம் போச்சு. பிள்ளையைப் பார்க்கப் போகாவிட்டால், ‘அப்பனுக்கு அக்கறையில்லை’ என்ற பேச்சு வரும். பாடு முறை வரும் நாட்களைத் தவிர்த்துச் சந்திப்பு நேரம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம்; பள்ளி விடுமுறையும் அதையொட்டியே வருகிறது. அந்த நாட்களில் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்பதில் தவறேதும் இல்லை.

சட்டத்தின் பார்வையும் மாறி வருகிறது. 2015 மே மாதம் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பிள்ளைமீது பெற்றோரின் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்தது. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில், தாய் தந்தை இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். நேரில் வர முடியாதவர் வீடியோ அழைப்பில் பேசவும் வழி சொன்னது.

ஆனால் பிரிந்தபின் எப்படி அப்பாவாக இருப்பது என்று யார் சொல்லித் தருவது? 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடமளிக்கிறது. அவர்களின் கவனமோ தம்பதியைச் சேர்த்துவைப்பதில்தான் அதிகம். சிங்கப்பூர் 2016 டிசம்பரிலேயே, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து, உடன்பாட்டுக்கு வராத பெற்றோர் மணமுறிவு மனு போடுமுன் இதற்கான வகுப்புக்குப் போவதைக் கட்டாயமாக்கியது.

நம்மூரில் அப்படி ஒரு வகுப்பு நடந்தால் முதலில் சொல்ல வேண்டியவை எளியவைதான். “உங்கம்மாகிட்டச் சொல்லு” என்று பிள்ளையைத் தூது அனுப்பக் கூடாது. அம்மாவைப் பற்றிப் பிள்ளை காதுபடக் குறை பேசக் கூடாது. பார்க்க விடவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்தக் கூடாது. அடிதடி நடந்த வீட்டில் தாயும் பிள்ளையும் பத்திரமாக இருப்பதே முதல் கேள்வி. வகுப்புக்குப் போனதை அத்தகைய வழக்கில் சலுகை கேட்கக் காரணமாக்க முடியாது.

வருமான வரம்புக்குள் இருக்கும் ஆண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைக்கலாம்; பொன்னேரியில் வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். அந்தக் குழுவே தடைக்காலத்தில், மாலை நேரத்தில், குப்பத்துச் சமுதாயக் கூடத்திலேயே அப்பாக்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்க வேண்டும்.