தொலைந்தாலும் தெரியாது

ஆயிரத்துக்கு ஐந்து. மத்திய அரசு நூலகங்களில் இத்தனை புத்தகங்கள் தொலைவதை அரசே இயல்பானதென்று ஒப்புக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 215ஆவது விதி இதைச் சொல்கிறது. ஓராண்டில் வாசகர்கள் இரவல் பெற்ற அல்லது எடுத்துப் பார்த்த 1,000 புத்தகங்களுக்கு 5 வரை குறையலாம். மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் புத்தகங்கள் கைமாறும் நூலகத்தில் 500 தொலைந்தாலும் பாதகமில்லை.

தாராளமான விதிதான். இருந்தும் நூலகர்களின் அச்சம் தீரவில்லை. தொலைந்த புத்தகத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களோ, ஓய்வு பெறும்போது ‘பாக்கி இல்லை’ சான்றிதழ் தராமல் இழுத்தடிப்பார்களோ என்ற கவலையில், அலமாரியைப் பூட்டுவதே பத்திரம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதான் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. பூட்டிய அலமாரி அதற்கு நேர் எதிர்.

திருட்டிலும் ரகங்கள் உண்டு. தேர்வு நேரத்தில் பாடநூலை வேறு துறை அலமாரியில் ஒளித்து வைக்கும் மாணவர் ஒரு ரகம். பிளேடால் பக்கங்களை மட்டும் அறுத்துச் செல்பவர் இன்னொரு ரகம். வாசலில் உள்ள கருவி புத்தகம் வெளியேறினால் கூவும். பக்கம் வெளியேறினால் கூவாது. இந்த நஷ்டங்களைப் பெரும்பாலும் புதுப் பிரதி வாங்கிச் சரிக்கட்டலாம். அரிய நூலின் இழப்பைச் சரிக்கட்ட முடியாது.

விதி இதையும் கவனிக்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ, விலை எதுவானாலும் ஓர் அரிய நூலோ தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் எது அரியது என்று முன்கூட்டியே யாராவது குறித்து வைத்திருக்க வேண்டுமே! நூறாண்டுக்கு முன் வாங்கிய நூலுக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது ரூபாய், அணாவில் எழுதிய அன்றைய விலைதான். தனிக் குறிப்பு இல்லையென்றால் அதுவும் ஆயிரத்துக்கு ஐந்தில் ஒன்றாகிவிடும்.

தொலைந்தது தெரியவே காலம் பிடிக்கும். 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்பையும் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது. அதற்கும் மேல் என்றால், மூன்றாண்டுக்குள் ஒரு முறை மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தால் போதும். அரிய நூல்கள் அதிகம் இருக்கக்கூடிய பெரிய, பழைய நூலகங்களில்தான் சோதனை குறைவு.

திருட்டுப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டாலும் சிக்கல் தீராது. தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தாலும், நூலகர் ‘ரகசியப் பக்க’த்தில் குத்திய முத்திரை காட்டிக்கொடுக்கும். ஆனால் நூலகமே கழித்துக்கட்டிய புத்தகத்திலும் அதே முத்திரை இருக்கும். ‘கழிக்கப்பட்டது’ என்று இன்னொரு முத்திரை குத்தாவிட்டால் திருடியது எது, ஏலத்தில் எடுத்தது எது என்று தெரியாது.

கேமராவும் காந்தப் பட்டையும் வாங்கப் பணம் வேண்டும். அரிய நூல்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க ஒரு நோட்டு போதும். மற்ற அலமாரிகளைத் திறந்து விடலாம். அவற்றுக்குத்தான் ஆயிரத்துக்கு ஐந்து இருக்கிறதே.