எங்கும் போகாத படிக்கட்டு

டோக்கியோவின் யோத்சுயா பகுதியில் 1972இல் மூன்று நண்பர்கள் ஒரு விடுதியின் பக்கச் சுவரருகே நின்றுவிட்டார்கள். ஓவியரும் எழுத்தாளருமான அகாசெகாவா கென்பெய் அவர்களில் ஒருவர். எதிரே, ஒரு பக்கம் சில படிகள் ஏறி, மறுபக்கம் அப்படியே இறங்கும் சிறிய படிக்கட்டு. மேலே வாசல் இல்லை. ஆனால் கைப்பிடியில் சிதைந்த பகுதியை எடுத்துவிட்டு, புதுக் கட்டை பொருத்தியிருந்தார்கள். எங்கும் போகாத படிக்கட்டை யாரோ அக்கறையாகப் பழுதுபார்த்திருந்தார்கள்!

பிறகு எகோதா ரயில் நிலையத்தில், பலகை அடித்து மூடப்பட்ட ஒரு பயணச்சீட்டுச் சன்னல் கண்ணில் பட்டது. பல்லாண்டு புழக்கத்தில் தேய்ந்து குழிந்த அதன் விளிம்புக்கு ஏற்ப அந்தப் பலகையையும் வளைத்து வெட்டியிருந்தார்கள்.

எண்பதுகளில் இந்தத் தேடல் பலரைத் தொற்றிக்கொண்டது. மாடிச் சுவரில் அந்தரத்தில் திறக்கும் கதவு, இடித்த வீட்டின் உருவம் அண்டைச் சுவரில் பதிந்த தடம் என்று மாணவர்களும் வாசகர்களும் படமெடுத்துச் சேர்த்தார்கள். கட்டடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், பயனற்றுப் போயிருக்க வேண்டும், ஆனாலும் பேணப்பட வேண்டும் என்பது இலக்கணம். அதேபோலப் பயனின்றியும் அணியில் பேணப்பட்ட அமெரிக்க பேஸ்பால் வீரர் கேரி தாமசனின் பெயரையே இவற்றுக்குச் சூட்டினார் அகாசெகாவா. 1985இல் புத்தகமும் வந்தது.

அன்றைய டோக்கியோவின் பல தெருக்கள் வீடு வீடாக, அறை அறையாக மாறின. வாசலை அடைத்தவர், படியையும் இடிக்கக் கூடுதலாகச் செலவழிக்க மாட்டார். அந்தச் சிறு கணக்கில்தான் எச்சம் பிறந்தது.

அதே எண்பதுகளில் மாற்றத்தின் அளவே மாறத் தொடங்கியது. அசாபு தானிமாச்சியில் குடியிருப்புகளை அகற்றியபோது, ஒரு பொதுக் குளியலகத்தின் உயரமான புகைபோக்கி மட்டும் தனித்து நின்றது. ஈமுரா அகிஹிகோ என்ற இளைஞர் அதன் உச்சிக்கே ஏறி நின்று தன்னைப் படமெடுத்துக்கொண்டார். பின்னர் புகைபோக்கியும் விழுந்தது. 1986இல் அந்த வட்டாரத்தில் ஆர்க் ஹில்ஸ் வளாகம் திறந்தது. இன்று அங்கே அலுவலகக் கோபுரம், ஹோட்டல், உலகப் புகழ்பெற்ற சன்டோரி இசையரங்கம்.

யோத்சுயா படிக்கட்டும் இன்று இல்லை. அகாசெகாவா 2014இல் காலமானார். பழைய தெருக்களில் தாமசன்களைத் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வட்டாரத்தையே மொத்தமாக இடித்துப் புதிதாய்க் கட்டும்போது, எஞ்சி நிற்க எதற்கும் இடமில்லை. புதிய கட்டடங்கள் வசதியானவை, நிலநடுக்கத்தைத் தாங்குபவை. அவை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் இங்கே ஒரு வாசல் இருந்தது, இதன் வழியே மனிதர்கள் போய்வந்தார்கள் என்பதற்கு அந்தப் படிக்கட்டைத் தவிர வேறு சாட்சி ஏது? நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இத்தகைய படிக்கட்டுகளுக்கு இடம் கிடைப்பதில்லை. அகாசெகாவாவும் நண்பர்களும் எடுத்த படங்களால்தான் இன்று நாம் யோத்சுயா படிக்கட்டை அறிகிறோம். ஆகவே எந்த ஊரிலும் ஒரு வட்டாரத்தை இடிக்குமுன், அதன் ஒவ்வொரு சந்துபொந்தையும் நடந்து பார்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு நகரம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.