லயத்துப் பிள்ளைகளின் இரகசிய மொழி

மலையகத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரகசியம் பேச இடம் கிடையாது. 10க்கு 12 அடிக் காம்பராக்கள், வரிசையாக ஒரே கூரையின் கீழ். எங்கள் லயத்தில் இடைச்சுவர் கூரை வரை எழும்பவும் இல்லை. முதல் வீட்டில் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்பது நாலாம் வீட்டுக்குத் தெரியும். பிள்ளைகள் மறைத்துப் பேச விரும்பினால், எல்லோர் காதிலும் விழும்படி, ஆனால் எவருக்கும் விளங்காதபடி பேச வேண்டும்.

அதற்கு எங்களிடம் இருந்தது ‘க’ பாஷை. தமிழ் பேசும் இடங்களில் பலரும் சிறுவயதில் பேசியிருப்பார்கள். ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு ‘க’ போட வேண்டும். புள்ளி வைத்த எழுத்து தனக்கு முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘துரை வாரார்’ என்பது ‘கது கரை கவா கரார்’ ஆகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் இரண்டு நாளில் பழகிவிடும். இதைக் காப்பாற்றுவது வேகம் மட்டுமே. மெதுவாகச் சொன்னால் பாட்டிக்கும் பிடிபட்டுவிடும்.

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கத் தேவையில்லை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லுக்கு நன்னூல் ‘குழூஉக்குறி’ என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்பது பாடப்புத்தக உதாரணம். பிரான்ஸில் புறநகர்ப் பிள்ளைகள் அசைகளைத் தலைகீழாக்கிப் பேசுவதற்கு ‘வெர்லான்’ என்று பெயர். தோட்டத்தில் பெரியவர்களுக்கும் குறி இருந்தது. தப்பின் அடியைக் கேட்டே பிரட்டா, சாவா, திருவிழாவா என்று லயம் அறிந்துகொள்ளும்.

எழுத்துக்கு வந்தது பிறகு. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் அட்டை கிழிந்த நிலையில் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தன. சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஐந்து பேர் சேர்ந்து துப்பறியத் தொடங்கினோம். காணாமல்போன கோழி, கொய்யாமரத்துக் களவு, ஈர மண்ணில் பதிந்த கால்தடம் இவையே வழக்குகள். எதிரிகள் பணிய லயத்துப் பிள்ளைகள். அவர்கள் தேயிலைச் செடியின் தூரில் ஒளித்துவைக்கும் கடதாசிகளை எடுத்துப் படிப்பதுதான் பெரிய வேலை.

அவர்கள் ஒவ்வொரு மெய்யையும் அடுத்ததாக மாற்றி எழுதினார்கள்: க-வுக்கு ங, ச-வுக்கு ஞ. றோமாபுரியின் சீசர் செய்ததும் இதே வகைதான், அவர் மூன்று எழுத்துத் தள்ளினார். ஆனால் தமிழில் இந்தப் பூட்டு பலவீனமானது. ‘கொழுந்து’ என்பதை மாற்றினால் ‘ஙொளுப்நு’ வரும். எந்தத் தமிழ்ச் சொல்லும் ‘ஙொ’ என்று தொடங்காது. ‘ப்’புக்குப் பின்னால் ‘ந’ வராது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது எதோடு சேரும் என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. நாங்கள் அதைப் படித்திருக்கவில்லை. ஆனால் காது அந்த விதிகளை அறிந்திருந்தது. ஒரே ஒரு சொல்தான் எங்களை ஏமாற்றியது. ‘பச்சை’ என்று எழுதியது ‘மஞ்ஞை’ ஆகியிருந்தது. அது மயிலுக்குச் சங்ககாலப் பெயர் என்று வாத்தியார் சொல்ல, மயிலைத் தேடி ஒரு பின்னேரம் முழுக்க அலைந்தோம்.

எங்களில் உருப்படியான துப்பறிவாளி என் கூட்டாளி ஒருத்திதான். அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர், எழுத்தறியாதவர். கொழுந்தை நாளில் மூன்று தரம் நிறுப்பார்கள். ஒவ்வொரு தரமும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். சொன்ன அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தராசு எவ்வளவு காட்டியது, கணக்கப்பிள்ளை எவ்வளவு எழுதினார் என்பதை அம்மா நினைவில் வைத்து வந்து சொல்ல, மகள் இரவில் கொப்பியில் எழுதினாள். அந்தக் கொப்பி யார் கையிலாவது சிக்கினால் அம்மாவுக்கு வேலையில் தொல்லை வரும். அதனால் தமிழ் இலக்கங்களில் எழுதினாள்.

தமிழ் எண்கள் பார்வைக்கு எழுத்துகள் போலவே இருக்கும். 1 என்பது ௧, 2 என்பது ௨, 7 என்பது ௭, 8 என்பது ௮. க, உ, எ, அ என்றே யாரும் வாசிப்பார்கள். தராசு காட்டியது ௧௮, பதிந்தது ௧௨ என்றால், புரட்டிப் பார்ப்பவருக்கு அது சின்னப்பிள்ளையின் எழுத்துப் பயிற்சி. அவள் இதைப் பாட்டன் வைத்திருந்த பழைய பஞ்சாங்கத்திலிருந்து கற்றிருந்தாள். அவளுடையதில் புதிதாய்க் கண்டுபிடித்த குறி எதுவும் இல்லை. எல்லோரும் மறந்துபோன ஒன்றைத் திருப்பி எடுத்திருந்தாள், அவ்வளவுதான். எங்கள் ஐவரின் குறிகள் எல்லாம் ஒரு கிழமைக்கு மேல் தாக்குப் பிடிக்கவில்லை. இது மூன்று மாதம் பிடித்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் அவள் கொப்பியைத் தோட்டத் தலைவரிடம் கொண்டுபோய், பக்கம் பக்கமாய் வாசித்துக் காட்டினாள். அவர் வழமையான இலக்கத்தில் இன்னொரு தாளில் எழுதிக்கொண்டார். கழிவு நிற்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் தராசின் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பிவைத்தார்கள். வெற்றுச் சாக்கை முதலில் நிறுத்துக் காட்டு என்று அவளுடைய அம்மா கேட்டதும் அந்த மாதம்தான்.