மீட்டருக்கும் படிக்கல் வேண்டும்

கொழுந்து நிறுக்கும்போது நம் பெண்கள் முதலில் பார்ப்பது தராசின் முள்ளைத்தான். கொழுந்து ஏறுமுன்னே முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒரு பார்வை. தராசு பிசகினால் போவது நாள் உழைப்பு. விஷவாயு பார்க்கும் மீட்டர் பிசகினால் போவது உயிர். ஆனால் அந்த மீட்டரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் பின்னாலிருந்த பழைய மலசலகூடக் குழியைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. குழிக்குள் காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்தோம். திறந்தவெளியில் அதைப் போட்டதும் 335 என்று காட்டியது. "பாத்தீங்களா ஐயா, நம்ம மலைக்காத்து எவ்வளவு சுத்தம்!" என்றார் ஒரு பெரியவர். நாமும் தலையாட்டினோம். அப்போது, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த லயத்துப் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "சேர், வெளிக்காத்துல 420க்கு மேல காட்டணுமே."

அவன் சொன்னதுதான் சரி. திறந்தவெளிக் காற்றில் இன்று பத்து இலட்சம் பங்குக்கு 420 பங்குக்குச் சற்று அதிகமாகக் காபனீரொட்சைட்டு உண்டு. மலையானாலும் கடற்கரையானாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. காற்று சுத்தமாகவில்லை, மீட்டர்தான் குறைத்துச் சொன்னது.

ஏன் குறைத்தது? இவ்வகை மீட்டருக்குள் ஒரு சிறு குழாயும், அதன் ஒரு முனையில் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க்கதிரை விடும் விளக்கும் இருக்கும். காபனீரொட்சைட்டு அந்தக் கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மறுமுனைக்கு வந்து சேரும் கதிர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வாயு இருக்கிறதென்று மீட்டர் கணக்குப் போடும். அதாவது குழாய்க்குள் இருக்கும் வாயுத் துணிக்கைகளை அது எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே குழாய்க்குள் துணிக்கைகளும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உயரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் மீட்டர்களும் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது அந்த ரகமில்லை.

335க்கும் 420க்கும் உள்ள வித்தியாசத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் குழிக்குள்ளும் அதே மீட்டர் அதே விகிதத்தில்தான் குறைக்கும். எட்டு மணிநேர வேலைக்கு 5,000 பங்கு என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். 40,000 உடனடி உயிராபத்து. மீட்டர் 32,000 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் 40,000 இருக்கும். காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமான இந்த வாயு, ஆள் இறங்கிக் குனிந்து நிற்கிற அடித்தளத்தில்தான் போய்ப் படியும்.

தராசுக்குப் படிக்கல் போல, மீட்டருக்கு நியம வாயு. இன்ன வாயு இவ்வளவு என்று அளந்து அடைத்த சிலிண்டர் அது. அத்துடன் ஒரு சான்றிதழும் காலாவதித் திகதியும் வரும். திகதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

இரண்டு வாயு வேண்டும். முதலாவது சுத்தமான நைதரசன். அதில் காபனீரொட்சைட்டே இல்லாதபடியால் அது வெறுந்தட்டு மாதிரி. அதை மெல்லிய குழாய் வழியாக மெதுவாக விட்டு, இலக்கம் ஆடாமல் நின்றபின் பூச்சியத்தைப் பதிய வேண்டும். அடுத்தது அளவு தெரிந்த காபனீரொட்சைட்டுக் கலவை, உதாரணமாக 5,000 பங்கு. மீட்டர் 4,000 காட்டினால் அதை 5,000க்குத் திருத்த வேண்டும். நாம் பார்க்கப்போகும் அளவுக்குக் கிட்டிய கலவையாக இருப்பது நல்லது. இரண்டு நிமிடம்கூடப் பொறுக்காமல் பொத்தானை அமுக்குகிறவர்களால்தான் பாதிப் பிழை வருகிறது. இந்த வேலையை அடைத்த அறையில் செய்யவும் கூடாது. நைதரசனுக்கு மணமில்லை, ஆனால் மூச்சை நிறுத்திவிடும்.

ஒரு வாயு போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் மீட்டரை நைதரசனில் மட்டும் பார்த்திருந்தால் ஒழுங்காகப் பூச்சியம் காட்டியிருக்கும். வெறுந்தட்டில் சரியாக நின்று, பாரம் ஏறியதும் பிசகுகிற தராசை நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சிலிண்டர் இல்லாதவர்கள் வெளிக்காற்றையே படிக்கல்லாக வைப்பதுண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் மீட்டரை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கக்கூடாது. நாம் விடும் மூச்சில் 40,000 பங்களவு இருக்கிறது. லொறி ஓடும் இடமும் ஆகாது. இன்னொன்று, இந்தப் படிக்கல்லே ஆண்டுக்காண்டு கனத்து வருகிறது. 1958இல் சாள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாயில் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில்தான் இருந்தது. நியம வாயுக்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அளந்தபடியால்தான் இந்த ஏற்றத்தை அவரால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. பழைய கைநூலில் 350 என்றிருந்தால் அதை அப்படியே பதிந்துவிடாதீர்கள்.

"மெழுகுதிரி எரிஞ்சா போதுமே" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதன் மயங்கி விழுகிற அளவிலும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கலாம். மலக்குழியில் மெதேன் வாயுவும் இருக்குமாகையால் நெருப்பு கொண்டுபோவதே ஆபத்து. காபனீரொட்சைட்டு மீட்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒட்சிசன் குறைவையோ, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டையோ அது காட்டாது. அவற்றுக்கு வேறு உணரிகள் வேண்டும், அவற்றுக்கும் தனித்தனி நியம வாயு வேண்டும்.

அன்று நாங்கள் வேலையை நிறுத்தினோம். கூலி போய்விடுமோ என்று முணுமுணுத்தவர்களுக்கு வேறு வேலையில் பெயர் போடச் சொல்லி ஏற்பாடு செய்தோம். மறு கிழமை பவுசர் வண்டி வந்து மேலிருந்தே குழியை உறிஞ்சியது. ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. மீட்டரை, 335 என்று எழுதிய ஒரு துண்டையும் கட்டி, கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்.