வழக்காட வந்தவள் அடைக்கலப் பொருள்

பதுளை நீதிமன்ற வளவைக் காலை வேளையிற் கடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பசறை, லுணுகலை, ஹாலி-எல, நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் கையில் ஒரு பையுடன் காத்து நிற்பார்கள். பையினுள்ளே பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை, பிள்ளையின் மருந்துத் துண்டு. அன்றைய பேர் போய்விட்டது. ஒரு நாட் சம்பளத்தை இழந்துதான் நீதி கேட்க வந்திருக்கிறார்கள். கறுப்புக் கோட்டணிந்த சட்டத்தரணி தூரத்தில் வரக் கண்டதும் அம்முகங்களில் ஓர் ஒளி தோன்றும். அந்த ஒளியைப் பற்றியே இன்று வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, முன்பு என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி என் இல்லம் தேடி வந்தாள். பசறை வீதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். கணவன் அவளையும் குழந்தையையும் கைவிட்டுக் கொழும்புக்குச் சென்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்திருந்தாள், தாபரிப்பும் கேட்டிருந்தாள். பேச்சு வழக்கைச் சுற்றிச் சுற்றி வந்து இறுதியில் உண்மையைத் தொட்டது. அவளுடைய சட்டத்தரணி மணமாகாதவர், கட்டணத்துக்கு நெருக்காதவர். வழக்கு முடிந்ததும் மணம் செய்வதாகக் கூறி, இப்போதே தனிமையிற் சந்திக்க அழைக்கிறாராம்.

“அவர் நல்லவர்தான், சேர். எனக்கும் மனம் இருக்கிறது. இதில் என்ன பிழை?” என்று கேட்டாள்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. காதலைக் குற்றமென்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லேன். கைவிடப்பட்ட பெண் மறுமணம் புரிவதை மனமார வரவேற்பவன். எனினும் நெஞ்சில் ஏதோ உறுத்திற்று. அவ்வுறுத்தலுக்குக் காரணத்தைப் பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தேன்.

சமமில்லா இருவர்

காதல் என்பது ஒத்த இருவரிடையே அரும்ப வேண்டியது. சட்டத்தரணியும் அவரை நாடி வந்த கட்சிக்காரியும் அந்த வேளையில் ஒத்தவர்கள் அல்லர். பதுளை நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடைபெறுகின்றன. மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அளித்துள்ளது, ஆயினும் நடைமுறையில், “ஐயா என்ன சொன்னார்?” என்று அவள் திரும்பிப் பார்ப்பது தன் சட்டத்தரணியின் முகத்தைத்தான். அவளுடைய பத்திரங்கள் அவர் மேசையில். அவளுடைய அடுத்த தவணை அவர் நாட்குறிப்பில். அவளுடைய குடும்ப இரகசியம் அவர் காதில்.

மலையகத்தார் சட்டத்தரணியை நம்புவதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் விண்ணப்பம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமை வழங்கற் சட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காகிதமே நம் விதியை எழுதிற்று. காகிதத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் வாழ்வே பிழைத்துப்போகும் என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். ஆகவே, சட்டம் படித்தவர் ஒருவர் புன்முறுவல் செய்தாலே தெய்வம் கண் திறந்ததாக நினைக்கிறோம். அந்த நன்றியுணர்ச்சியைக் காதலென்று எண்ணி மயங்குவது எளிது. மயங்குபவள் மீது குற்றமில்லை; மயக்கத்தைக் கண்டும் அதைப் பயன்படுத்துகிறவர் மீதே குற்றம்.

சட்டம் அறிந்த உண்மை

இது ஆசிரியர் ஒருவரின் வெறும் உபதேசமன்று. சட்டமே இதனை அறிந்திருக்கிறது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 111ஆம் பிரிவு என ஒன்றுண்டு. ஒருவர் மற்றொருவரின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தால், அவர்களிடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் நேர்மை இருந்ததென நிரூபிக்கும் பாரம் நம்பப்பட்டவரையே சாரும் என்கிறது அப்பிரிவு. அதற்குச் சட்டம் காட்டும் உதாரணமே சட்டத்தரணிதான்! கட்சிக்காரர் தம் சொத்தைத் தம் சட்டத்தரணிக்கே விற்றுப் பின்னர் அதனை எதிர்த்து வழக்காடினால், தாம் நேர்மையாக நடந்ததைச் சட்டத்தரணிதான் எண்பிக்க வேண்டும். ஒரு துண்டுக் காணியை விற்கும் சம்மதத்தையே சட்டம் இவ்வளவு ஐயத்துடன் நோக்குமாயின், ஒருத்தி தன்னையே கையளிக்கும் சம்மதத்தை நாம் எவ்வாறு நோக்க வேண்டும்?

நிற்க. விவாகரத்து வழக்கில் இவ்வுறவு அவளுடைய வழக்கையே அழித்துவிடக்கூடும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வகுத்த விவாகரத்துக் காரணங்கள் மூன்றே. அவற்றுள் ஒன்று பிறருடன் கூடாவொழுக்கம். கைவிட்டுப் போன கணவன், மனைவி சட்டத்தரணியுடன் உறவு கொண்டதை அறிந்தால், குற்றவாளி என்ற நிலையிலிருந்து தான் தப்பி, அவளைக் குற்றவாளியாக்க முயல்வான். அத்தகைய வழக்கில் மனைவியுடன் உறவு கொண்ட ஆடவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டுமென்பது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் விதி. அவளுக்காக எழுந்து பேச வேண்டியவரே அவளுடன் பிரதிவாதியாக நிற்க நேரிடும்! அதுமட்டுமன்று, கூடாவொழுக்கத்தில் வாழும் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை இல்லையென்று 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. இவையெல்லாம் அந்தப் பேதைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழைக்கிறார் என்றால் அது என்ன அன்பு?

உயர் நீதிமன்றம் 1988இல் வகுத்த சட்டத்தரணிகள் நடத்தை விதிகளில் காதல் என்ற சொல் இல்லை. ஆயினும் தொழிலின் மாண்புக்கு ஒவ்வாத, இழிவானதென நல்லோர் கருதும் நடத்தையை அவ்விதிகள் பொதுவாக விலக்குகின்றன. ஏமாற்றோ தொழிற் கேடோ எண்பிக்கப்பட்டால், உயர் நீதிமன்ற நீதியரசர் மூவர் ஒருங்கிருந்து அவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தவோ நீக்கவோ 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் இடமளிக்கிறது.

அமெரிக்கர் இன்னும் வெளிப்படையாக எழுதினர். கலிபோர்னியா மாநிலம் 1992இல் இவ்வுறவைக் கட்டுப்படுத்தி, 2018இல் அக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிற்று. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2002இல் தன் மாதிரி விதிகளில், வழக்கை ஏற்குமுன்பே இருந்த உறவைத் தவிர, கட்சிக்காரருடன் உடலுறவு கூடாதென்று விதித்தது. வைத்தியர்களோ, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், நோயாளியின் வீட்டிலுள்ளோரிடம் இத்தகைய நடத்தையை விலக்கி வைத்தனர். ஆசிரியராகிய எமக்கும் மாணவரிடத்தில் இதே வேலி உண்டு. சட்டத்தரணி பெண்ணாயினும் கட்சிக்காரர் ஆணாயினும் நியாயம் ஒன்றே.

மாதரி காட்டிய வழி

“வயது வந்த இருவரின் விருப்பத்திற் பிறர் தலையிடுவதா?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. உண்மை அன்பு எங்கும் பிறக்கலாம். நீதிமன்ற வாசலிலும் பிறக்கலாம். அப்படிப் பிறந்தால், அவர் செய்ய வேண்டிய முதற் காரியம் ஒன்றே: வழக்கை வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். பின்னர் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். விவாகரத்தின் இடைக்காலத் தீர்ப்பு முடிவுத் தீர்ப்பாவதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லும். வாழ்நாள் முழுவதும் துணையாயிருக்க விரும்புகிறவருக்கு இது பெருங்காலமா?

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் நேர்ந்த கொடுமையில் மாதரிக்கு எள்ளளவும் பங்கில்லை. இருந்தும், அடைக்கலத்தைக் காக்கத் தவறினோமே என்று அவள் தீப் புகுந்தாள். அத்தகைய முடிவை இக்காலத்தவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கல்வியறிவில்லாத அம்முதியவள் உணர்ந்ததைப் பட்டம் பெற்றவர் உணரலாகாதா? பை நிறையப் பத்திரங்களுடன் வந்து நிற்பவள் அடைக்கலப் பொருள். அவளைக் காப்பவர் அவளை விரும்பினாலும், முதலில் காவலை வேறொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் என் மாணவிக்கு எளிய சொற்களிற் கூறினேன். “பிள்ளை, அவரை வெறுக்கும்படி நான் சொல்லவில்லை. வழக்கை வேறொருவரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேள். அவர் என்ன செய்கிறார் என்று பார்” என்றேன். கட்டணத்துக்கு வழியில்லையே என்றாள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்கு உதவுகிறது என்பதையும் எடுத்துரைத்தேன்.

சில மாதங்களின் பின் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். குழந்தை இடுப்பில் இருந்தது. வழக்கு வேறொருவர் கைக்கு மாறிவிட்டதாம். தாபரிப்புப் பணமும் வரத் தொடங்கியிருக்கிறதாம். “அவர்?” என்று கேட்டேன்.

“கோவையைத் தந்த அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் பேசவில்லை, சேர்” என்றாள். பிறகு சற்று நேரம் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “முந்தியே தெரிந்தது நல்லது” என்றாள்.

அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் அவள் கையிலிருந்த பை அவளுடையதாகவே இருந்தது.